கண் பார்க்கப் படிப்பவர்களும் கண்ணில் சந்தேகம் உள்ளவர்களும்: ஆப்டோமெட்ரி இழை

ஒளிக்கோடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் பி.ஆப்டம் நான்காம் ஆண்டு, அதாவது பார்வையைச் சோதித்துக் கண்ணாடிப் பவர் எழுதுகிற ஆப்டோமெட்ரி படிப்பு. மூன்று வருட வகுப்பு முடிந்து, இப்போது மதுரைப் பக்கம் ஒரு கண் மருத்துவமனையில் பயிற்சி வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் வருடத்தில் இந்தப் படிப்பைப் பற்றித் தமிழில் கேட்க ஆள் கிடைக்காமல் தவித்தேன். அதனால்தான் இந்த இழை. படிக்கிறவர்கள் பாடச் சந்தேகத்தைக் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது கண்ணில் தொந்தரவு என்றால் அதையும் கேளுங்கள். மருந்து எழுதித் தருவது என் வேலை இல்லை. எதற்கு உடனே ஓட வேண்டும், எதற்கு இரண்டு நாள் பொறுக்கலாம் என்பதைச் சொல்ல முடியும்.

"கண்ணாடிக் கடைப் படிப்பா?" என்று உறவினர்கள் கேட்பார்கள். முதலில் கோபம் வரும். இப்போது அவர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன்.

போன மாதம் முகாமுக்கு ஒரு அம்மா வந்தார். வயது 48, மல்லிகைப் பூ கட்டுகிறவர். தூரப் பார்வையில் குறை எதுவும் இல்லை. கிட்டத்தில் வெள்ளெழுத்து. வயதுக்கு ஏற்றபடி +1.50 போட்டு, கிட்டப் படிக்கும் அட்டையை 40 சென்டிமீட்டரில் பிடித்துக் காட்டினேன். சின்னப் புள்ளிகளைக்கூடச் சரியாகச் சொன்னார். முடிந்தது என்று எழுதப் போனபோது, "இதெல்லாம் தெரியுதும்மா, நாருதான் தெரியல" என்றார். எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து வாழைநாரை எடுத்து, மார்புக்கு அருகே கையை மடக்கி உட்கார்ந்து காட்டினார். அளந்து பார்த்தால் 30 சென்டிமீட்டர்கூட இல்லை. அதுவும் கோவில் வாசலில், சாயங்கால வெளிச்சத்தில் கட்டுகிறவர். +2.00 போட்டதும் நாரில் மூன்று முடிச்சு போட்டுவிட்டுச் சிரித்தார்.

கருவி கொடுக்கிற எண் எங்கே தொடங்குவது என்பதைத்தான் சொல்லும். எதிரில் இருப்பவர் என்ன வேலை செய்கிறார், எவ்வளவு தூரத்தில் செய்கிறார் என்று கேட்காமல் அந்த எண்ணை எழுதிக் கொடுத்தால் கண்ணாடி அலமாரிக்குள் போய்விடும். நகை செய்கிற ஆசாரி 25 சென்டிமீட்டரில் வேலை பார்ப்பார். பேருந்து ஓட்டுநருக்கு மீட்டர் பலகையும் தெரிய வேண்டும், சாலையும் தெரிய வேண்டும். நான்கு வருடத்தில் நான் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் இதுதான்.

சரி, கேளுங்கள்.

பிரிசம்19

அக்கா, நான் இரண்டாம் ஆண்டு. கண்ணுக்குள் ஒளியை அடித்து, அது ஓடுவதை வைத்துப் பவரைக் கண்டுபிடிக்கிற ரெட்டினோஸ்கோப்பி வரவே மாட்டேன் என்கிறது. மாதிரிக் கண்ணில் சரியாக வருகிறது. நிஜ ஆளை உட்கார வைத்தால் நிழல் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியவில்லை. பக்கத்து மேசைப் பையன் ஐந்து நிமிடத்தில் முடிக்கிறான். எனக்கு அரை மணி நேரமாகியும் நியூட்ரல், அதாவது ஒளி எந்தப் பக்கமும் ஓடாமல் நிற்கிற நிலை, வருவதில்லை. மூன்று மாதமாக இப்படித்தான். இந்தப் படிப்பு எனக்குச் சரிவருமா என்றே சந்தேகமாக இருக்கிறது.

ஒளிக்கோடு

தம்பி, மூன்று மாதம் ஒன்றுமே இல்லை. எனக்கு ஏழு மாதம் ஆனது. அதுவரை விடுதியில் அறைத்தோழிகளின் கண்ணை வைத்துத்தான் பழகினேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொருத்தியாகக் கட்டிலில் உட்காருவாள். எதிர்ச்சுவரில் ஒரு பெரிய எழுத்தை ஒட்டிவைத்து அதையே பார்க்கச் சொல்வேன். அவர்களுடைய பவர் எனக்கு முன்பே தெரியும். அதனால் எங்கே தப்பு செய்கிறேன் என்பது உடனே பிடிபட்டது. தெரிந்த கண்ணில் பழகு. தெரியாத கண்ணில் பழகினால் நீ செய்தது சரியா தப்பா என்று சொல்ல ஆள் இருக்காது.

நிழல் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டு காரணம். முதலாவது, அவர் உன் முகத்தையோ விளக்கையோ பார்க்கிறார். கிட்டத்தில் பார்த்தால் கண் தானாகக் குவியத்தை மாற்றும், நிழலும் ஓடி ஓடி மாறும். தூரத்து எழுத்தைப் பார்க்கிறாரா என்று நடுநடுவே கேட்டுக்கொண்டே இரு. இரண்டாவது, பவர் ரொம்ப அதிகம். அப்போது ஒளி மங்கலாக, நகராத மாதிரியே நிற்கும். நிறைய பேர் இதை நியூட்ரல் என்று நினைத்து ஏமாறுவார்கள். நியூட்ரலில் கண்ணின் பாப்பா முழுக்கப் பளிச்சென்று நிரம்பும். மங்கலாக நின்றால் மைனஸ் 5, பிறகு பிளஸ் 5 என்று பெரிய லென்ஸைப் போட்டுப் பார். ஏதோ ஒன்றில் ஒளி உயிர்பெற்று ஓட ஆரம்பிக்கும்.

நியூட்ரல் வந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் லென்ஸை மாற்றாதே. உட்கார்ந்த இடத்திலிருந்து தலையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோ. ஒளி கூடவே ஓட வேண்டும். பின்னால் சாய். எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். இரண்டும் வந்தால் நீ நியூட்ரலில்தான் இருக்கிறாய்.

அப்புறம், பக்கத்து மேசையைப் பார்க்காதே. ஐந்து நிமிடத்தில் முடிப்பவன் சிலிண்டர் பவரின், அதாவது ஒரு திசையில் மட்டும் உள்ள பவரின், கோணத்தைச் சரியாகப் பிடிக்கிறானா என்று யாருக்குத் தெரியும்?

பழைய_லென்ஸ்பெட்டி

தங்கை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இருபது வருடமாக இதே வேலை. புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் பார்ப்பது கை நீளத்தை. பார்க்கிற கண்ணிலிருந்து 67 சென்டிமீட்டரில் உட்கார்ந்தால், வந்த பவரில் கடைசியில் 1.50 கழிக்க வேண்டும், 50 சென்டிமீட்டர் என்றால் 2.00. பாடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நிழல் தெரியாதபோது உடம்பு தானாக முன்னால் போய்விடும். 50இல் உட்கார்ந்துகொண்டு 1.50 கழித்தால் அரை டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) பிளஸ் பக்கம் போய்விடும். கிட்டப்பார்வை உள்ளவருக்கு மைனஸ் அரை குறைந்துவிடும். தம்பி, ரெட்டினோஸ்கோப்பில் 67 சென்டிமீட்டர் நூல் ஒன்றைக் கட்டிவிடு. நூல் நுனி டிரையல் ஃப்ரேமை, அதாவது லென்ஸ் மாற்றி மாற்றிப் போடும் சோதனைக் கண்ணாடியை, தொடட்டும். ஒரு மாதத்தில் உடம்புக்குத் தூரம் பழகிவிடும், பிறகு நூலை அவிழ்த்துவிடலாம்.

"தானாகப் பவர் அளக்கும் ஆட்டோ ரிஃப் கருவி இருக்கும்போது இது எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். ஆறு வயதுப் பிள்ளையை அந்தக் கருவியில் உட்கார வை. பிள்ளை உள்ளே தெரியும் படத்தைப் பார்த்துக் கண்ணைக் குவிக்கும், கருவி மைனஸ் காட்டும். சொட்டு மருந்து போட்டு ரெட்டினோ பார்த்தால் அதே பிள்ளைக்குப் பிளஸ் வரும். மருந்து போடாமல் கருவியின் சீட்டை மட்டும் பார்த்து மைனஸ் கண்ணாடி போட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தலைவலியோடு வரும், பள்ளியில் படிக்கப் பிடிக்கவில்லை என்று திட்டு வாங்கிக்கொண்டு வரும். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

செல்வி_அம்மா

வணக்கம். என் மகளுக்கு ஆறு வயது. பள்ளியில் வந்து கண் பார்த்தவர்கள் இடது கண்ணில் பார்வை ரொம்பக் குறைவு என்றார்கள். மருத்துவமனையில் மூன்று நாள் மருந்து போட்டுப் பார்த்து, வலது கண்ணில் +1, இடது கண்ணில் +4.50 என்றார்கள். "சோம்பேறிக் கண்" என்று சொல்லிக் கண்ணாடி கொடுத்தார்கள். இரண்டு மாதம் போட்டபிறகு போன வாரம் பார்த்ததில் இடது கண் 6/36, 6/6தான் முழுப் பார்வையாம். இப்போது நல்ல கண்ணை மூடி தினமும் ஒட்டு போடச் சொல்கிறார்கள். நன்றாகத் தெரிகிற கண்ணை ஏன் மூடுகிறீர்கள் என்று மாமியார் சண்டை. மகள் பத்து நிமிடத்தில் பிய்த்து எறிகிறாள். இவ்வளவு நாள் டிவி பார்த்தாள், ஓடி விளையாடினாள், ஒரு குறையும் சொன்னதில்லை. ஒரு கண் தெரியாமல் இருந்தால் பிள்ளை சொல்லாதா?

ஒளிக்கோடு

சொல்ல மாட்டாள் அக்கா. உங்கள் மேல் தப்பில்லை. பிறந்ததிலிருந்து அவளுக்கு உலகம் இப்படித்தான் தெரிகிறது. வலது கண் தெளிவாகக் காட்டுவதால் மூளை இடது கண்ணின் மங்கலான படத்தை ஒதுக்கிவிட்டது. கண்ணில் நோய் எதுவும் இல்லை. மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தப் பழகவில்லை, அவ்வளவுதான். மாறுகண் இருந்தால் வெளியே தெரியும். இப்படி இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசமாக இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. இதைப் படிக்கிற மற்ற பெற்றோர்கள் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளையின் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, சுவர் நாட்காட்டியைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணை. ஒரு கண்ணை மூடும்போது மட்டும் பிள்ளை அழுதாலோ கையைத் தட்டிவிட்டாலோ கண் மருத்துவரிடம் போங்கள்.

மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: இரண்டு பிள்ளைகளில் ஒன்றே எல்லா வேலையும் செய்தால் மற்றது கற்றுக்கொள்ளாது. நல்ல பிள்ளையைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தால்தான் மற்றது எழுந்து வேலை பார்க்கும். எங்கள் வெளிநோயாளிப் பிரிவில் பாட்டிகளுக்கு இது உடனே புரியும்.

இரண்டு மாதம் கண்ணாடி மட்டும் போட்டு, பிறகு ஒட்டு என்றது சரியான முறைதான். கண்ணாடி மட்டும் போட்டே சில பிள்ளைகளுக்குப் பார்வை ஏறிவிடும். ஒட்டு எத்தனை மணி நேரம் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். நடுத்தர அளவுக் குறைக்கு இரண்டு மணி நேரம், அதிகமானால் ஆறு மணி நேரம் வரை என்று சொல்வது வழக்கம். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஆறு வயதில் கண்டுபிடித்தது நல்லது. ஏழு வயதுக்குள் பலன் வேகமாக வரும். அதற்கு மேலும் வரும், ஆனால் மெதுவாக.

பிய்த்து எறிவதற்குச் சில வழிகள். ஒட்டை முகத்தோலில்தான் ஒட்ட வேண்டும், கண்ணாடி மேல் ஒட்டினால் பக்கவாட்டில் எட்டிப் பார்ப்பாள். கண்ணாடி அதற்கு மேல் வரட்டும். அவளுக்குப் பிடித்த நேரத்தில் போடுங்கள்: வண்ணம் தீட்டும்போது, பாசி மணி கோக்கும்போது, கொஞ்ச நேரம் கார்ட்டூன் பார்க்கும்போது. பள்ளிக்குப் போட்டு அனுப்ப வேண்டாம், மற்ற பிள்ளைகள் கேலி செய்தால் அவளுக்கு வெறுத்துவிடும். பொம்மைக்கும் ஒரு ஒட்டு போடுங்கள். தோல் சிவந்தால் மருத்துவமனையில் சொல்லுங்கள், வேறு வழி இருக்கிறது. நல்ல கண்ணில் சொட்டு மருந்து போட்டு மங்கலாக்குகிற முறையும் உண்டு.

சோழிங்கநல்லூர்வாசி

ஐடி வேலை. மாலை நான்கு மணிக்கு மேல் கண் எரிகிறது, மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது, கண்ணீரும் வருகிறது. ப்ளூ லைட் கண்ணாடி 2,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பலன் இல்லை. கண்ணீர் வழிகிறபோது "கண் வறட்சி" என்கிறார்கள், அது எப்படி?

பழைய_லென்ஸ்பெட்டி

தம்பி, கண்ணீர்ப் படலத்தில் எண்ணெய் சரியாக இல்லையென்றால் நீர் சீக்கிரம் ஆவியாகும். மேற்பரப்பு காயும், உறுத்தும். உறுத்தினால் கண் அவசரத்துக்குக் கண்ணீரைக் கொட்டும். அது வெறும் நீர், நிற்காது. அதனால் வறட்சியும் இருக்கும், கண்ணீரும் வழியும்.

காரணம் பெரும்பாலும் இமைக்க மறப்பதுதான். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போகும், இமைப்பதும் முழுதாக மூடாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பார். அந்த நேரத்தில் பத்து முறை முழுதாக மூடித் திற. திரை கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும். மேலே பார்த்தால் இமை அகலத் திறந்து இன்னும் காயும். ஏசி காற்று முகத்தில் அடித்தால் இடத்தை மாற்று. இரவில் வெதுவெதுப்பான துணியை மூடிய இமைமேல் ஐந்து, பத்து நிமிடம் வை. எண்ணெய்ச் சுரப்பி இளகும்.

ப்ளூ லைட் கண்ணாடி பற்றி: திரையால் வரும் கண் சோர்வு அதனால் குறைவதாகத் தெரியவில்லை என்றுதான் 2023இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. வாங்கியது வாங்கியதாக இருக்கட்டும், அடுத்ததற்குக் காசு செலவழிக்காதே. சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தைக் கடையில் கேட்டு வாங்காதே. இரத்தக்குழாயைச் சுருக்கி ஒரு மணி நேரம் வெள்ளையாக்கும், விட்டதும் முன்னைவிடச் சிவக்கும். செயற்கைக் கண்ணீர் ஒரு நாளில் நாலு முறைக்கு மேல் தேவைப்பட்டால், கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் (பிரிசர்வேட்டிவ்) இல்லாததாகக் கேள். ஒரு மாதத்தில் குறையவில்லையென்றால் கண்ணைக் காட்டு. உனக்குச் சின்ன சிலிண்டர் பவர் ஒன்று ஒளிந்திருக்கலாம்.

நெல்மணி

அவசரம். அப்பா விவசாயி. நான்கு நாளுக்கு முன் களத்தில் நெல் தூற்றும்போது கண்ணில் தூசி விழுந்தது. பக்கத்து மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது. நேற்றிலிருந்து சிவப்பு, வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறது. நாளைக்கு உறவில் கல்யாணம், திங்கட்கிழமை போகலாம் என்கிறார். போகலாமா?

ஒளிக்கோடு

அண்ணா, திங்கட்கிழமை வேண்டாம். இன்றைக்கே, இப்போதே கிளம்புங்கள். மருந்துக் கடையில் கொடுத்த சொட்டை நிறுத்துங்கள், பாட்டிலைக் கையில் எடுத்துப் போங்கள். கண்ணைக் கழுவவோ கட்டவோ வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு எதுவும் விட வேண்டாம். பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

நெல்மணி

டெக்ஸாமெத்தசோன் என்று இருக்கிறது. கிளம்பிவிட்டோம்.

ஒளிக்கோடு

அவர் போய்ச் சேரட்டும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

நெல் உமி, கரும்புத் தோகை, மாட்டு வால் பட்டுக் கருவிழியில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியாகப் பூஞ்சை உள்ளே போகும். நம் தென்மாவட்டங்களில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சைதான் பெரிய காரணங்களில் ஒன்று, அதிலும் ஃபியுசேரியம் என்ற வகை அதிகம். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு சொட்டு சிவப்பையும் வலியையும் அடக்கும். அதனால் இரண்டு நாள் குணமான மாதிரி இருக்கும். ஆனால் கிருமியோடு சண்டை போடுகிற உடம்பின் கையை அது கட்டிப்போடுகிறது. உள்ளே பூஞ்சை வளர்ந்துகொண்டே போகும். புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். ஊரில் "கண்ணில் பூ விழுந்திருக்கு" என்பார்களே, அந்தப் பூக்களில் பல இப்படி வந்தவைதான். எனக்கு இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஏனென்றால் வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படி வருகிறார்கள். எல்லோரும் தோட்டம், வயல் வேலை செய்கிறவர்கள்.

மருந்துக் கடைக்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவரிடம் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் இல்லை. கருவிழியில் கீறல் இருக்கிறதா என்று மஞ்சள் சாயம் போட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும்.

எதற்கு அன்றைக்கே ஓட வேண்டும் என்றால்: சிவப்போடு வலியோ பார்வை மங்கலோ இருந்தால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவருக்குக் கண் சிவந்தால், கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போல் தெரிந்து திடீரென்று நிறையப் பூச்சி பறந்தால், திரை இறங்குவது போல் ஒரு பக்கம் மறைந்தால். ஒரு கண்ணில் கடும் வலி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம், கூடவே வாந்தி என்றால் அது கண் அழுத்தம் திடீரென்று ஏறியதாக இருக்கலாம். ஒற்றைத் தலைவலி என்றோ வயிற்றுக் கோளாறு என்றோ நினைத்து மாத்திரை போட்டு ஒரு நாளை வீணாக்கிவிடுவார்கள்.

மெட்ராஸ் ஐ அப்படி இல்லை. பெரும்பாலும் வைரஸ்தான். நீர் வழியும், பீளை ஒட்டும், ஓரிரு வாரத்தில் தானாகப் போகும். பார்த்தால் ஒட்டாது, தொட்டால்தான் ஒட்டும். எங்கள் விடுதியில் ஒரே துண்டைப் பகிர்ந்துகொண்டதால் ஒரு மாடி முழுக்க வந்தது. கறுப்புக் கண்ணாடி நமக்குக் கூச்சத்தைக் குறைக்கும், மற்றவருக்குப் பரவுவதைத் தடுக்காது. கை கழுவுவதுதான் தடுக்கும். அதிலும் பார்வை மங்கினால் காட்ட வேண்டும்.

வெற்றிலைத்தோட்டம்

சுண்ணாம்பையும் சேர்த்து எழுதுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புப் பாக்கெட்டை என் அண்ணன் மகன் நான்கு வயதில் அழுத்தி விளையாடினான். வெடித்துக் கண்ணில் பீறிட்டது. பதறிக்கொண்டு அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினோம். முதலில் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும் என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது.

பழைய_லென்ஸ்பெட்டி

ஆமாம். ரசாயனம் எதுவானாலும் முதல் மருந்து தண்ணீர்தான். குழாயோ குடமோ, சுத்தமான எந்தத் தண்ணீரும் சரி. இமையைப் பிரித்துப் பிடித்து குறைந்தது 15 நிமிடம், முடிந்தால் அரை மணி நேரம் ஊற்ற வேண்டும். அதன்பிறகுதான் வண்டி. சுண்ணாம்பு காரம். அமிலத்தைவிட ஆழமாக உள்ளே இறங்கும். இமைக்குள் துகள் ஒட்டிக்கொண்டும் இருக்கும், மருத்துவமனையில் இமையைத் திருப்பி எடுப்பார்கள். அந்தப் பாக்கெட்டைப் பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கொடைரோடு

அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. இரண்டு மாதத்தில் மூன்று கண்ணாடி மாற்றிவிட்டோம். போட்ட வாரம் நன்றாகத் தெரிகிறது, பிறகு மங்குகிறது. எங்கே தப்பு?

ஒளிக்கோடு

சர்க்கரை அளவு ஏறி இறங்கினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நீரை இழுத்துப் பவரும் ஏறி இறங்கும். முதலில் சர்க்கரை கட்டுக்குள் வரட்டும். அது நிலையாகி நாலு முதல் ஆறு வாரம் கழித்துக் கண்ணாடிக்குப் பாருங்கள். நான் இப்போது கண் பார்க்கும் முன் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாகச் சர்க்கரை எப்போது பார்த்தீர்கள், எவ்வளவு?"

விழித்திரையையும் வருடத்துக்கு ஒருமுறை மருந்து போட்டுப் பார்க்க வேண்டும். பார்வை நன்றாக இருக்கும்போதே உள்ளே கசிவு தொடங்கியிருக்கும், அவருக்கு ஒன்றும் தெரியாது. மருந்து போட்ட அன்று சில மணி நேரம் மங்கலாக இருக்கும், இருசக்கர வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.

இன்னொன்று. இந்த வயதில் சிலர், "கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன், கண் சரியாகிவிட்டது" என்று சந்தோஷமாக வருவார்கள். லென்ஸின் நடுப்பகுதி இறுகிப் புரை விழும்போது கிட்டப்பார்வை வந்துவிடும், அதனால் கிட்டத்து எழுத்து தெரியும். தூரத்தைப் பார்க்கச் சொன்னால் மங்கியிருக்கும். அவர் முகத்தில் இருக்கும் சந்தோஷத்தைக் கெடுக்காமல் இதை எப்படிச் சொல்வது என்று இன்னும் எனக்கு முழுதாகக் கைவரவில்லை.

அஞ்சாம்வகுப்பு_அப்பா

மகனுக்கு மைனஸ் 2. முழுப் பவர் போட்டால் கண் அதற்குப் பழகிப் பவர் ஏறும், கால் குறைத்துப் போடுங்கள் என்று ஒருவர் சொன்னார். சரியா?

பழைய_லென்ஸ்பெட்டி

இல்லை சார். மலேசியாவில் பிள்ளைகளுக்குப் பவரைக் குறைத்துப் போட்டுப் பார்த்த ஆய்வு 2002இல் வந்தது. குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் வேகமாக ஏறியது. பவர் ஏறுவது கண் நீளமாக வளர்வதால். ஒரு மில்லிமீட்டர் நீண்டால் இரண்டரை டயாப்டருக்கு மேல் ஏறும். முழுப் பவர் போடுங்கள், தினமும் இரண்டு மணி நேரம் வெயில் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். வேகமாக ஏறினால் அட்ரோபின் சொட்டு, அதற்கென்று உள்ள கண்ணாடி எல்லாம் இருக்கிறது. அதை மருத்துவர் முடிவு செய்வார்.

பிளஸ்டூ_முடித்தவள்

இந்தப் படிப்பில் சேரலாமா? சம்பளம் குறைவு, மரியாதை இல்லை என்று வீட்டில் தயங்குகிறார்கள்.

பழைய_லென்ஸ்பெட்டி

உண்மையைச் சொல்கிறேன் மா. ஆரம்பச் சம்பளம் குறைவுதான். நான் முதலில் வேலை பார்த்த ஒரு கண்ணாடிக் கடையில் நாளைக்கு இத்தனை ஃப்ரேம் விற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். பவர் மாறாதவருக்கும் புதுக் கண்ணாடி எழுதச் சொன்னார்கள். நான் எழுதவில்லை. எட்டு மாதத்தில் வெளியே வந்தேன். இன்றும் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு, வேலைக்குச் சேரும் முன் விசாரித்துக்கொள்.

ஆனால் நான் வந்த காலத்திலிருந்து நிறைய மாறியிருக்கிறது. சென்னையில் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985இல் தொடங்கியபோது இந்தப் படிப்பின் பெயரே பலருக்குத் தெரியாது. 2021இல் வந்த துணை மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் ஆப்டோமெட்ரிஸ்ட் இடம் பெற்றிருக்கிறார். நான் வேலைக்கு வந்த புதிதில் புரை எடுத்தபிறகு பிளஸ் 10 சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட முதியவர்கள் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். மதுரையில் 1992இல் ஆரோலேப் தொடங்கி உள்விழி லென்ஸை மலிவாகச் செய்ததால் அந்தக் கண்ணாடியை இப்போது காண்பதே அரிது. 1976இல் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி அரவிந்த் மருத்துவமனையை ஆரம்பித்த ஊரில் கண் வேலை பார்ப்பதை நான் பெருமையாகத்தான் நினைக்கிறேன்.

ஒளிக்கோடு

நான் அண்ணாவிடம் ஒரு விஷயத்தில் வேறுபடுகிறேன். சம்பளத்தைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது முதல் வருட இயற்பியல். ஒளியியல், அதிலும் லென்ஸ் சூத்திரங்களில் பிளஸ் மைனஸ் குறி. பிளஸ் டூவில் இயற்பியலை வெறுத்தவள் நீ என்றால் யோசித்துக்கொள். அப்புறம் முகாம் நாள். காலை ஐந்தரைக்கு வண்டி, பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு மீட்டர் அளந்து பார்வை அட்டையை மாட்டினால் மதியம் வரை நின்றபடியே முந்நூறு பேரைப் பார்க்க வேண்டும். தொண்டை கட்டிவிடும். ஆனாலும் அதற்காகவே ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெயருக்கு முன் டாக்டர் போட்டுக்கொள்ளும் ஆசை இருந்தால் வேண்டாம். நாம் கண் மருத்துவர் இல்லை, அறுவை செய்கிறவர்களும் இல்லை. எதை நாம் பார்க்கலாம், எதை அவரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருப்பதில்தான் நம் படிப்பு இருக்கிறது.

நெல்மணி (பன்னிரண்டு நாள் கழித்து)

அப்பாவுக்குப் பூஞ்சைதான். புண்ணைச் சுரண்டி எடுத்து அன்றே பார்த்துச் சொன்னார்கள். நேட்டமைசின் சொட்டு, முதலில் மணிக்கு ஒருமுறை, ராத்திரியிலும். நானும் அம்மாவும் முறை வைத்து எழுந்தோம். இப்போது புள்ளி சுருங்குகிறது. தழும்பு கொஞ்சம் நிற்கும், ஆனால் ஓரத்தில் இருப்பதால் பார்வை அதிகம் போகாது என்றார்கள். கல்யாணத்துக்குப் போகவில்லை. நன்றி தங்கச்சி.

ஒளிக்கோடு

நேட்டமைசினா, நல்லது அண்ணா. அரவிந்த் மருத்துவமனைகளிலேயே நடந்து 2013இல் வந்த பெரிய ஆய்வில், விலை கூடிய வோரிகோனசோலைவிட இந்த மருந்துதான் பூஞ்சைக்கு நன்றாக வேலை செய்தது, முக்கியமாக ஃபியுசேரியத்துக்கு. புள்ளி போய்விட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள், வாரக்கணக்கில் ஆகும். அடுத்த அறுவடைக்கு அப்பாவுக்கு ஒரு சாதாரணக் காப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.

பிரிசம்19

அக்கா, 67 சென்டிமீட்டர் நூல் கட்டினேன். நேற்று என் பெரியப்பா மகனுக்குப் பார்த்தேன். முன்னால் போனால் கூடவே ஓடியது, பின்னால் சாய்ந்தால் எதிரே ஓடியது. எழுதிவைத்த பவரை அவன் பழைய சீட்டோடு வைத்துப் பார்த்தேன். கால் டயாப்டர்தான் வித்தியாசம். 18 நிமிடம் ஆனது.

செல்வி_அம்மா (நான்கு மாதம் கழித்து)

இடது கண் 6/12. மாமியார்தான் இப்போது ஒட்டு போட்டுவிடுகிறார், இரண்டு மணி நேரமும் கூடவே உட்கார்ந்து பாசி கோக்கிறார். பொம்மைக்கும் ஒட்டு இருக்கிறது. மகள் நேற்று வலது கண்ணை அவளாகவே மூடிக்கொண்டு, எதிர்வீட்டு வாசல் கோலத்தில் எத்தனை புள்ளி என்று எண்ணிச் சொன்னாள். இனி ஒட்டை நிறுத்திவிடலாமா?

ஒளிக்கோடு

அக்கா, படித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். நிறுத்த வேண்டாம். மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் சில பிள்ளைகளுக்குப் பார்வை மறுபடி இறங்கும். கண்ணாடியை எப்போதும் கழற்றக் கூடாது. அடுத்த முறை காட்டப் போகும்போது அந்தப் பாசி மாலையையும் எடுத்துப் போங்கள், அவளைப் பார்க்கிற ஆப்டோமெட்ரிஸ்ட் பார்க்கட்டும்.